எதிர்ப்பவர்கள் முதலில்

எங்கள் கொண்டோ அடுக்குமாடியின் வருடாந்தப் பொதுக்கூட்டம் இப்போதெல்லாம் கணினித் திரையில்தான் நடக்கிறது. ஆளுக்கொரு சின்னப் பெட்டி. பாதிப் பேர் கமராவை மூடி வைத்துவிட்டுச் சோறு தின்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். வாக்கெடுப்பு வந்தால் ஒரு பொத்தானை அமத்த வேண்டும். திரையில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றி முடிய முடிவு வந்துவிடும். கடைசிக் கூட்டத்திலும் அப்படி எதையோ நிறைவேற்றினோம். எதை என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

அதை ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் இருக்கும் துஷியிடம் சொல்லிச் சிரித்தேன். துஷி என் மனைவியின் அக்கா மகள். ஒருகாலத்தில் நான் செய்த வேலையைத்தான் அவளும் செய்கிறாள். வெளிநாடுகளில் சனங்கள் சங்கம் அமைக்கவும் கூட்டம் நடத்தவும் ஆட்களைப் பழக்குகிற வேலை. அவள் சிரிக்கவில்லை.

“சித்தப்பா, சீரியஸ்லி, எங்கட ட்ரெயினிங்கும் இப்ப ஒன்லைன்தான். ஒரு ஹோலுக்குள்ள ஆக்களை இருத்தி வோட் எடுக்கிறது எப்பிடியெண்டு எங்கட டீமில ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க அதை எழுதுங்கோ, ப்ளீஸ்.”

எழுதுகிறேன். ஆனால் முதலே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பகல் நித்திரை பழகிவிட்டது. அந்த நித்திரையில் கட்டடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஸ்காபரோவில் எலிவேற்றருக்குள் ஏறிப் பொத்தானை அமத்துவேன். கதவு திறந்தால் மோல்டோவாவில் ஒரு முற்றம், வால்நட் மரம், கொடியில் காயும் படுக்கை விரிப்புகள். இன்னொன்று, அங்கே நான் பழகியவர்கள் ருமேனிய மொழியும் ருஷ்ய மொழியும் பேசியவர்கள். லிலியா என்ற மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழில் நினைப்பேன். இத்தனை வருடம் கழித்து அந்த ஆங்கிலமும் கரைந்து போய்விட்டது. என் நினைவில் அவர்கள் எல்லோரும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார்கள். அப்படியே எழுதுகிறேன். குறை நினைக்காதீர்கள்.

கனடாவுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் ஓர் உயர்ந்த அடுக்குமாடிக்கு நான் சுப்பராக, அதாவது கட்டடப் பராமரிப்பாளராக, இருந்தேன். குழாய் ஒழுகினாலும் சுப்பர், சண்டை வந்தாலும் சுப்பர். அந்தக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தேன். சங்கம் வளர்ந்தது, சுப்பர் வேலை போனது. பிறகு சங்கம் வைப்பதே வேலையாகிவிட்டது. ஒருநாள், பொதுவுடைமை ஆட்சி முடிந்த நாடுகளின் அடுக்குமாடிகளில் குடியிருப்பாளர் சங்கங்கள் அமைக்க ஆள் தேவை என்ற அறிவித்தலைப் பார்த்துவிட்டு விண்ணப்பித்தேன்.

“உங்களுக்கென்ன விசரே? இஞ்சத்தைக் குளிர் காணாதெண்டு இன்னொரு குளிருக்குப் போறியளோ?” என்றார் மனைவி.

ஒரு மாரிகாலம் பயிற்சி தந்தார்கள். சுவரில் அம்புக்குறிகளும் வட்டங்களும் காட்டிச் ‘சிவில் சமூகம்’ என்றார்கள். அந்த வட்டங்களில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. பிறகு ஒரு பனிநாளில் என்னை மோல்டோவாவில் ஓர் ஆற்றங்கரை ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

அங்கே பிரச்சினை இதுதான். முன்பு வீடுகள் எல்லாம் அரசாங்கத்துடையவை. ஆட்சி போனதும் குடியிருந்தவர்களுக்கே வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கதவுக்கு உள்ளே எனது வீடு. சரி, கதவுக்கு வெளியே? படிக்கட்டு யாருடையது, கூரை யாருடையது, எலிவேற்றர் யாருடையது? ஒருவருக்கும் தெரியாது. நான் போன ஒன்பது மாடிக் கட்டடத்தில் வீடுகளுக்குள் கண்ணாடிக் கிண்ணங்கள் பளபளத்தன, தரையில் கம்பளம் விரித்திருந்தது. கதவைத் திறந்து வெளியே காலடி வைத்தால் இருட்டு. பல்பைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எலிவேற்றர் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று பல வருடம் ஆகியிருந்தது. சொந்தம் என்று சொல்ல ஆளில்லாத அந்தப் படிக்கட்டைச் சொந்தமாக்கித் தருவதுதான் என் வேலை. எங்கள் திட்டத்தில் ஒரு கட்டடத்துக்கு வருடத்தில் ஒரு திருத்த வேலைக்குத்தான் சாமான் கொடுப்பார்கள். எது என்பதைக் குடியிருப்பவர்கள் வாக்களித்துத் தீர்மானிக்க வேண்டும், உடலுழைப்பும் அவர்களே தர வேண்டும்.

எனக்கு மேலதிகாரி டோனா. ஒஷாவாவில் கார் தொழிற்சாலையில் வேலை செய்து, தொழிற்சங்கக் கூட்டங்களை நடத்தியே தலை நரைத்தவர். பெரிய உடம்பு, பழுதுபட்ட முழங்கால்கள், எந்த நாளும் அதே நீல ஜக்கெற். கூட்டங்களில் கடைசியில் போய் உட்காருவார். சூரியகாந்தி விதைகளை ஒவ்வொன்றாகக் கடித்துக் கோதைப் பொக்கற்றுக்குள் போடுவார். வாயே திறக்கமாட்டார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து ஒரே ஒரு சொல் சொல்வார்: “மறுபடியும்.” அந்த ஒரு சொல்லைக் கேட்டு எத்தனை தரம் பல்லைக் கடித்திருப்பேன் தெரியுமா!

முதல் கூட்டம் முற்றத்தில் நடந்தது. மண்டபம் கிடையாது. வெளிச்சம் இருக்கும்போதே நடத்த வேண்டும். அப்போதே எனக்கு அனத்தோல் அண்ணையைத் தெரியும். எட்டாம் மாடியில் மனைவி வேராவோடு இருந்தார். பேருந்து ஓட்டியவர். கால்கள் இரண்டும் விளங்காமல் போய், எலிவேற்றரும் நின்ற பிறகு அவர் கீழே வரவே இல்லை. பல்கணியில் இருந்தபடி ஒரு கூடையைக் கயிற்றில் இறக்குவார், கடைக்குப் போய்வரும் யாராவது பாண் வாங்கி அதில் வைப்பார்கள். எனக்கும் ஒருநாள் அந்தக் கூடையில் உப்புத் தக்காளி இறக்கினார். பிறகு அடிக்கடி மேலே போய் அவரோடு இருப்பேன். “தம்பி, முத்தத்து மண் இப்ப ஈரமோ காய்ஞ்சிட்டுதோ? இஞ்சயிருந்து பாக்கத் தெரியேல்லை” என்று கேட்பார். அந்த மனிதனைக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். ஜனநாயகம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கூட்டத்தில் எலிவேற்றரின் அவசியத்தை நன்றாக விளக்கினேன். “ஆதரிப்பவர்கள் யார்?” என்று கேட்டு, எப்படி என்று காட்ட என் கையையும் உயர்த்தினேன். முற்றத்தில் இருந்த அத்தனை கையும் ஒரேயடியாக மேலே போனது. பல்கணியில் அனத்தோல் அண்ணையின் கையும்தான். எனக்குப் புல்லரித்தது.

எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் புல்லரித்தேன் என்று விளங்கும். ரொறன்ரோவில் ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் சபை எதை எடுத்தாலும் ‘ஏகமனதாகத் தெரிவு’ என்று சொல்வதில்தான் பெருமை. யார் தலைவர், யார் செயலாளர் என்று ஒரு கிழமைக்கு முதலே தொலைபேசியில் கதைத்து முடித்துவிடுவார்கள். கூட்டத்தில் ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், மற்றவர்கள் றோல்ஸ் சாப்பிடுவார்கள். போட்டி வந்தால் அது சங்கத்துக்கு அவமானம். அந்தப் பழக்கத்தில் ஊறிப்போன நான் டோனாவிடம் ஓடிப்போய், “ஏகமனது!” என்றேன்.

டோனா கோதைப் பொக்கற்றுக்குள் போட்டார். “மறுபடியும்.”

“ஏன்? எல்லோரும்தான் கை உயர்த்தினார்களே!”

“உன் கை உயர்ந்தது, அவர்களுடையதும் உயர்ந்தது. நீ தலையைச் சொறிந்திருந்தால் அவர்களும் சொறிந்திருப்பார்கள்.”

எனக்குச் சரியான கோபம். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவர் சொன்னது சரியாகிப்போனது. எலிவேற்றர் குழிக்குள் வருடக்கணக்காகச் சேர்ந்த குப்பையை அள்ள எல்லோரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். குப்பை கூட்டும் தும்புத்தடியோடு வேரா மட்டும் வந்து நின்றார். சங்கடப்பட்டுக்கொண்டு லிலியாதான் எனக்கு விளக்கினார்.

“இஞ்ச கூட்டமெண்டா கை தூக்கிறது ஒரு மரியாதை. வணக்கம் சொல்லுற மாதிரி. தூக்காட்டி முந்தியெல்லாம் வீட்டுக்கு விசாரிக்க ஆள் வரும். தூக்கிப்போட்டு வீட்டை போய் அவரவர் தங்கட வேலையைப் பாக்கிறது. நீங்கள் அதை ஓம் எண்டு நினைச்சிட்டியள்.”

எங்கள் ஊரிலும் கூட்டத்தில் கை உயர்த்தாமல் இருக்கப் பயந்த காலம் ஒன்று இருந்தது. அதை எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கனடாவில் வந்து அதற்கு ‘ஒற்றுமை’ என்று பெயர் வைத்துக்கொண்டு சுகமாக இருந்துவிட்டோம்.

அந்த வாரம் டோனா தன் முறையைச் சொல்லித் தந்தார். துஷி, உனக்கு வேண்டியது இந்த இடம்தான். கூட்டத்துக்கு முன் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். உள்ளே போனால் பேனாவை எடுக்கக் கூடாது, பேனாவைக் கண்டால் சனம் வாயை மூடிவிடும். கதிரைகளை வட்டமாகப் போட வேண்டும். நடத்துபவருக்கு முன்னால் மேசை இருக்கக் கூடாது. வாக்கெடுக்கும்போது இரண்டு கையும் பொக்கற்றுக்குள். முதலில் “எதிர்ப்பவர்கள் யார்?” என்று கேட்க வேண்டும். பிறகுதான் நடுவில் நிற்பவர்கள். ஆதரவு கடைசியில். எதிர்ப்பைக் கேட்டதும் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்க்க வேண்டும், ஒருவர் முகத்தையும் பார்க்கக் கூடாது. பார்த்தால் அது மிரட்டல். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும். ஒரு கையாவது எதிர்ப்பில் உயராவிட்டால், “இன்றைக்கு முடிவு இல்லை, நாளைக்கு வாருங்கள்” என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட வேண்டும்.

“அது என்ன பிடிவாதம்?” என்று கேட்டேன்.

“கூட்டத்தில் எதிர்க்காமல் இருந்தவன்தான் வேலைநிறுத்தத்தின் முதல் நாளே உள்ளே போய் வேலை செய்வான். எதிர்த்துக் கத்தியவன் கடைசிவரை வெளியே குளிரில் நிற்பான். நான் பார்த்திருக்கிறேன்.”

இரண்டாவது கூட்டம். கையைப் பொக்கற்றுக்குள் விட்டேன். “எலிவேற்றரை எதிர்ப்பவர்கள் யார்?” லிலியா மொழிபெயர்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். ஒரு நாய் முற்றத்தைக் கடந்து போனது. மேலே யாரோ கம்பளம் தட்டும் சத்தம் நின்றது. வால்நட் இலை ஒன்று என் சப்பாத்தில் விழுந்தது. கனவில் நேரம் இழுபடுமே, அப்படி இழுபட்டது.

“ஒராள்” என்று லிலியா மெல்லச் சொன்னார்.

நிமிர்ந்தேன். நிலத்தளத்தில் இருந்த கலினா அக்கா. ஆஸ்பத்திரியில் சலவை வேலை செய்பவர். உயர்த்திய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு எலிவேற்றர் என்னத்துக்கு? எங்களுக்குக் கீழ நிலவறையில கழிவுக் குழாய் வெடிச்சு எவ்வளவு காலம்! மேல இருக்கிற எல்லாற்றை கழிவும் என்ர குசினிக்குக் கீழதான் நிக்குது. என்ர பிள்ளை நித்திரையில மூக்கைப் பொத்திக்கொண்டு படுக்குது. மேல இருக்கிறவை ஒருத்தர் எண்டாலும் கேட்டியளோ?”

அவர் அழுதார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. முதலாம் மாடி, இரண்டாம் மாடி, கடைசியில் ஐந்தாம் மாடிக்காரர் ஒருவரும். எண்ணிப் பார்த்தபோது எலிவேற்றர் தோற்றுவிட்டது. ஆதரவு என்று கேட்டபோது மேல்மாடிக்காரர் சிலரும், பல்கணியில் தனியாக அனத்தோல் அண்ணையும். அவர் கையை இறக்கவே இல்லை. மேலேயிருந்து கத்தினார்.

“என்ர பேரை வடிவா எழுது! வாழ்நாள் முழுக்க எல்லாத்துக்கும் கை தூக்கினனான். இண்டைக்குத்தான் என்ர கை தனியத் தெரிஞ்சது!”

முற்றத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் கதிரையோடு உள்ளே நகர்ந்து பல்கணிக் கதவை அடித்துச் சாத்தினார். அதற்குப் பிறகு கூடை இறங்கவில்லை. நான் மேலே போனேன். கதவைத் திறந்த வேரா வழிவிட்டார். அனத்தோல் அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “உன்ர ஜனநாயகம் நல்லாத்தான் இருக்கு, தம்பி. ஆனா நான் மேலதான் இருக்கிறன்.”

படியிறங்கி வந்து டோனாவிடம் எரிந்து விழுந்தேன். “முதல் கூட்டத்து முடிவை அப்படியே விட்டிருந்தால் அந்த மனிதனுக்கு எலிவேற்றர் கிடைத்திருக்கும்!”

“கிடைத்திருக்கும். குழியைத் துப்புரவாக்க எத்தனை பேர் வந்தார்கள்?” என்றார் டோனா.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு தேத்தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு படியேறத் தொடங்கினார். ஒவ்வொரு தட்டிலும் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் உதவிக்குப் போனேன், கையைத் தட்டிவிட்டார். எட்டாம் மாடியில் அனத்தோல் அண்ணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருக்கும் பொது மொழி இல்லை. சூரியகாந்தி விதையை நடுவில் கொட்டிவைத்துப் பொழுது சாயும்வரை கடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடத்து வேலை நிலவறைக் குழாய்தான் என்று முடிவானது. அதற்கு ஆட்கள் வந்தார்கள், வேரா உட்பட. கலினா அக்கா கதவு கதவாகத் தட்டி இழுத்துக்கொண்டு வந்தார். எதிர்த்து வென்றவர், விடுவாரா? கழிவை அள்ளி, குழாயை மாற்றி, சுண்ணாம்பு அடித்தார்கள். இரண்டாவது நாள் முற்றத்தில் புதுக் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தபோது பல்கணிக் கதவு திறந்தது. “டேய், அந்தக் குழாயை உப்பிடிப் பிடிச்சா திரும்பவும் வெடிக்கும்!” என்று மேலேயிருந்து ஒரு குரல். எல்லோரும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மாரியில் படிக்கட்டுக்குப் பல்ப் வந்தது, யாரும் கழற்றவில்லை. சங்கத்துக்குத் தலைவர் யார் என்ற பேச்சு வந்தபோது போட்டி வைத்தார்கள். கலினா அக்கா சொற்ப வாக்கில் வென்றார்.

பனி கரைந்தது. புது வருடத்துத் திருத்த வேலையைத் தீர்மானிக்கும் கூட்டம். இனி அவர்கள் கூட்டம், நான் டோனாவுக்குப் பக்கத்தில் பின்னால் உட்கார்ந்தேன். அனத்தோல் அண்ணை எலிவேற்றரை மறுபடி முன்மொழியப்போவதாகவும், இந்தமுறை பல்கணியில் இருந்து கத்தமாட்டேன், சபையில் இருந்துதான் கதைப்பேன் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். கலினா அக்காவின் கணவரும் முதலாம் மாடிக்காரர்களும் மேலே போனார்கள். சாப்பாட்டுக் கதிரையில் அவரை இருத்தி, எட்டு மாடியும் மூச்சிரைக்கத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எலிவேற்றரை எதிர்த்துக் கை உயர்த்திய அதே ஆட்கள். வால்நட் மரத்தின் கீழ் கதிரையை வைத்தார்கள். அவர் சப்பாத்துகளைக் கழற்றச் சொன்னார். வேரா கழற்றினார். வெறுங்கால் இரண்டையும் கையால் தூக்கி மண்ணில் வைத்தார். அவர் கால்களுக்கு ஈரம் தெரிந்திருக்காது. குனிந்து விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு கதைத்தார். எலிவேற்றர் ஏன் வேண்டும் என்று. நன்றாகவே கதைத்தார்.

கலினா அக்கா எழுந்தார். கைகளை மேலங்கிப் பொக்கற்றுக்குள் விட்டார். “எதிர்ப்பவர்கள் யார்?” தலையைக் குனிந்தார்.

ஒரு கையும் உயரவில்லை. எப்படி உயரும்? மண்ணில் கால் வைத்தபடி அந்த மனிதன் முன்னால் இருக்கிறார். பயத்தில் அடைத்த வாய் இப்போது இரக்கத்தில் அடைத்துக்கொண்டது. காற்று மட்டும் அடித்தது. கலினா அக்கா காத்திருந்தார், நான் காத்திருந்ததைவிட நெடுநேரம். கடைசியில் நிமிர்ந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

“ஒருத்தரும் இல்லையெண்டா… இண்டைக்கு முடிவு இல்லை. நாளைக்கு வாங்கோ.”

நான் டோனாவின் கையைப் பிடித்தேன். “இன்றைக்கு மட்டும் விடச் சொல்லுங்கள். அவரை மறுபடி மேலே தூக்கி, மறுபடி கீழே…” டோனா அசையவில்லை. ஆனால் அவர் கை என் கையை இறுக்கியது.

அப்போது வால்நட் மரத்தடியில் ஒரு கை உயர்ந்தது.

“நான் எதிர்ப்பு” என்றார் அனத்தோல் அண்ணை.

கலினா அக்கா திகைத்துப்போனார். “அண்ணை, நீங்கள்தானே கேட்டனீங்கள்!”

“கேட்டனான்தான். எலிவேற்றர் வந்தா நீங்கள் ஒருத்தரும் என்னைத் தூக்கிக்கொண்டு வரமாட்டியள். தூக்கேக்க உன்ர மனிசன் எனக்குப் பகிடி விட்டவன். அது எனக்குப் பிடிச்சிருந்தது. எழுது, எதிர்ப்பு ஒண்டு.”

முதலில் ஒரு சிரிப்பு. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு மூன்றாம் மாடிப் பெண் ஒருத்தியின் கை உயர்ந்தது. எலிவேற்றர் தன் படுக்கையறைச் சுவரை ஒட்டித்தான் ஓடுகிறது, சத்தத்தில் நித்திரை வராது என்றாள். கூரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஒன்பதாம் மாடியில் ஒருவர். பெயர் பெயராகக் கேட்டு, நடுவில் நிற்பவர்களையும் கேட்டுவிட்டு, கலினா அக்கா கடைசிக் கேள்விக்கு வந்தார்.

“ஆதரிப்பவர்கள்?”

கைகள் ஒன்றாக உயரவில்லை. ஒருவர் யோசித்து உயர்த்தினார். இன்னொருவர் மனைவியோடு குசுகுசுத்துவிட்டு உயர்த்தினார். வேரா உயர்த்தினார். கலினா அக்காவின் கணவர் தோள்வலியில் முனகிக்கொண்டு உயர்த்தினார். ஒவ்வொன்றாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக, போதுமான கைகள் வந்து சேர்ந்தன. எலிவேற்றர் வென்றது. அனத்தோல் அண்ணையின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. அவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டார்.